மூச்சு ஃபிட்டரின் நாற்பத்தோராவது படம்

மூச்சு விடுவதைக் கெட்ட பழக்கமாக நினைத்த ஒரே மனிதர் இந்தத் திருநெல்வேலிச் சீமையிலேயே எங்கள் மூச்சு ஃபிட்டர்தான். பீடி குடிப்பவனை மன்னிப்பார். குடித்துவிட்டு வந்து வாசலில் சலம்பல் பண்ணுகிறவனையும் மன்னிப்பார். தன் கேமராவுக்கு முன்னால் மூச்சு விட்டவனை மட்டும் ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார் என்றுதான் ஊரில் பேச்சு.

விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பேங்கில் மூன்று வருடம் குப்பை கொட்டினேன். குடும்பம் பாளையங்கோட்டையில். நான் மட்டும் ஃபிட்டர் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. நூல் மில்லில் மெஷின்களைப் பிரித்து மாட்டுகிற வேலை. சுழல்கிற கதிரில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் விரலை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவாராம். மில்லில் சின்னப் பிள்ளைகளாய்ச் சேர்ந்தவர்கள்கூட அவர் கையைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட கையில் துபாய் மச்சினன் ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனதுதான் வினையாகப் போயிற்று. முதல் படம் அவர் மனைவியை எடுத்தார். நான் மதினி என்று கூப்பிடும் அந்த அம்மாள், படம் எடுக்கும்போதே அடுப்பில் பால் பொங்குகிறதா என்று திரும்பிப் பார்த்தார்கள். "அசையுதியே" என்று கோபித்துக்கொண்டு ஃபிட்டர் செடிகளிடம் போய்விட்டார். செடியும்தான் அசைந்தது. ஆனால் எதிர்த்துப் பேசவில்லை.

அழகான ரோஜா, தாமரை பக்கமெல்லாம் அவர் போகவில்லை. குப்பைமேனி, தும்பை, சாக்கடை ஓரத்துப் புல். அதிலும் கடுகளவு பூ. அவ்வளவு கிட்டத்தில் போய்ப் படம் எடுத்தால் ஒரு சங்கடம் இருக்கிறதாம். பூவின் மூக்கு தெளிவாக விழுந்தால் கன்னம் மங்கிவிடும். கன்னம் தெளிந்தால் காது மங்கிவிடும். அதனால் மூக்குக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று கேமராவை நூலளவு நகர்த்தி நகர்த்தி ஐம்பது, எண்பது படம் எடுக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் போட்டால் அது ஒவ்வொன்றிலும் தெளிவான இடத்தை மட்டும் பொறுக்கி ஒரே படமாக ஆக்கித் தரும். இங்கிலீஷில் ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்பார்கள். ஃபிட்டர் அதற்கு அடுக்குப் படம் என்று பெயர் வைத்திருந்தார். கேமராவை நகர்த்த ஒரு திருகுக் கட்டையை அவரே இரும்பில் கடைந்து செய்திருந்தார். கால் சுற்றுச் சுற்றினால் கேமரா ஒரு மயிரிழை முன்னால் போகும். சுற்றுவார், எடுப்பார், சுற்றுவார், எடுப்பார்.

எண்பதும் முடிகிறவரை பூ அசையக் கூடாது. அசைந்தால் படம் ஒன்றோடொன்று ஒட்டாது. இதழுக்கு இரண்டு விளிம்பு வந்துவிடும். அதனால்தான் "மூச்சு!" என்று அந்தப் பிரசித்தி பெற்ற அதட்டல்.

ஒரு தரம் பஸ் ஸ்டாண்டு மதில் இடுக்கில் ஒரு குப்பைமேனியைப் பார்த்துவிட்டார். பஸ் ஒவ்வொன்றும் கிளம்பும்போது செடி ஆடியது. நேராகப் போய் அம்பாசமுத்திரம் பஸ்ஸை மறித்தார்.

"அண்ணாச்சி, ஒரு கா மணி நேரம் வண்டிய பைய எடுங்க. காத்து வருது."

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "எடுக்காமயே இருந்தா தேவலையா வே?"

"அப்படி இருந்தா ரொம்ப உபகாரம்" என்றார் ஃபிட்டர், ரொம்ப நன்றியோடு.

அவர் மகளைப் பெண் பார்க்கக் களக்காட்டிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். நல்ல சித்திரை வெயில். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டில் பூவோடு பூவாக ஒரு துளசிக் கதிர் இருந்தது. ஃபிட்டர் அதைப் பார்த்தார். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்து மதினி, "ஏங்க, இன்னைக்கி வேண்டாங்க" என்று கெஞ்சுவதற்குள் ஃபேனை நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் ஒரு பத்து நிமிசம் பைய மூச்சு விடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பத்துப் பேரும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வாழை விவசாயி, பெரிய மீசைக்காரர். "இதென்னவே கூத்து! பொண்ணு பாக்க வந்தோமா, பூப் பாக்க வந்தோமா?" என்று எழுந்தேவிட்டார். கல்யாணம் கெட்டது என்று நான் முடிவு கட்டினேன். மதினி காப்பியும் கையுமாகக் கெஞ்சி உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தார் மனிதர். கடுகளவு பூவில் நான்கு நீள இழைகள் நுனியில் முடிச்சோடு நீட்டிக்கொண்டிருந்தன. தன் மீசையைத் தடவிக்கொண்டே, "ஏ அய்யா, துளசிக்கு இம்புட்டு மீசையா?" என்றார். அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் நண்பர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் டீக்கடையில் எனக்கு ஒரு மவுசு. ஆனால் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். எழுதாமல் பேனாவை இரண்டு தரம் மூடியும் வைத்தேன்.

பாபநாசம் போகிற வழியில் ஆற்றுக்குள் இறங்கினால் பாறைகளில் பச்சையாக ஒன்று அப்பிக்கொண்டிருக்கும். பாசி என்று நாம் அதில் வழுக்கி விழுவோம். அது பாசி இல்லை, செடியாம். வருஷமெல்லாம் தண்ணீருக்குள் கிடந்துவிட்டு, மாசியில் தண்ணீர் வடிந்து பாறை தலை காட்டும்போது அவசர அவசரமாகப் பூக்கும். நாலைந்து நாளில் காய்ந்தும் போய்விடும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் டீச்சரம்மா ஒருவர் ஃபிட்டரின் படங்களைப் பார்த்திருக்கிறார். "இந்த ஆத்துப் பூவ முழுசும் தெளிவா எடுத்துத் தாங்க அண்ணாச்சி. பெரிசாப் போட்டு எங்க கண்காட்சி வாசல்ல மாட்டுதோம். அடியில உங்க பேரு" என்று சொல்லியிருந்தார்.

அந்தக் கடைசி மூன்று வார்த்தைகளை ஃபிட்டர் என்னிடம் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார். ஊரே கிறுக்கு என்று சொன்ன காரியத்துக்கு அடியில் அவர் பெயர். மூச்சு ஃபிட்டர் என்று இல்லை. ரேஷன் கார்டில் இருக்கிற பெயர்.

காற்றுத் தடுக்கத் திரை பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பழைய எட்டு முழ வேட்டியை மடித்து இரண்டு கம்பில் தைத்த திரை. பூவுக்குப் பின்னால், முழங்கால் தண்ணீரில், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "நான் வாரேன் அண்ணாச்சி" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். டீக்கடையில் சொல்ல இன்னொரு கதை கிடைக்குமே என்ற ஆசை.

காலை ஆறு மணிக்கு இறங்கினோம். அவர் பாறைக்கு அந்தப் பக்கம் குப்புறப் படுத்து, தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, கேமராவின் சின்னத் திரையில் கண்ணைப் புதைத்துவிட்டார். எண்ண ஆரம்பித்தார். நாற்பது வரைக்கும் நான் யோக்கியனாகத்தான் நின்றேன். அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பேங்க் குரூப்பில் ஒரு வீடியோ. எங்கள் மேனேஜர் யார் வீட்டுக் கல்யாணத்திலோ ஆடிக்கொண்டிருந்தார். கம்பு இரண்டையும் ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு பார்த்தேன். பார்த்தால் சிரிப்பு அடக்க முடியவில்லை. திரை சரிந்து தண்ணீரில் தொட்டது. மலைக்காற்று ஒன்று வந்தது. பூ ஆடியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். படம் விழுகிற நொடியில் கேமராவின் திரை இருண்டுவிடுமாம், அவருக்குத் தெரிந்திருக்காது. சட்டென்று திரையைத் தூக்கிப் பிடித்து, ஒன்றும் தெரியாதவன்போல் நின்றுகொண்டேன்.

எண்பதும் முடிந்தது. துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "எங்கனயாவது அசஞ்சுதாவே? அசஞ்சிருந்தா சொல்லும். மறுபடி எடுத்துருவோம். நேரம் இருக்கு."

நேரம் அவருக்கு இருந்தது. எனக்குப் பசித்தது. ஒன்பதரைக்கு பேங்க் வேறு.

"ஒரு துளி அசையல, அண்ணாச்சி. சிலை மாதிரில்லா நின்னேன்."

"ஒம்மள மாதிரி ஆளு கெடைக்காதுவே" என்று எழுந்து என் தோளைத் தட்டினார்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் அடுக்கி முடித்த படத்தில் ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு விளிம்பு இருந்தது. மறுநாள் போய் எடுக்கலாம் என்றால், அன்று மத்தியானமே அணையில் தண்ணீர் திறந்துவிட்டதில் பாறையும் பூவும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன.

"பூ அசையல" என்றார் ஃபிட்டர். "அப்ப கேமராதான் ஆடியிருக்கு. கேமராவத் திருகுனது இந்தக் கை." வலது கையைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "எங்க அப்பாவுக்கு அம்பத்தாறுல வந்துதுவே, கை நடுக்கம். எனக்கு இப்ப அம்பத்தஞ்சு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மதினி வேறு வாசற்படியில் நின்று அழுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாகுதுல்லா அண்ணாச்சி. மனசத் தேத்திக்கிடுங்க" என்றேன். இதை எழுதும்போது என் காது சூடாகிறது.

கேமராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தினமும் காலையில் டம்ளர் நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சிந்துகிறதா என்று பார்ப்பார். சிந்தாது. சிந்தாததையும் நம்ப மாட்டார். மதினி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவருக்கு என்னத்த தெரியும்? ஊசி போடும்போது அவரு கையே நடுங்குது" என்றார் ஃபிட்டர்.

இந்தப் பதிலுக்கு நான் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க இனி என்ன இருக்கிறது.

பதினைந்து நாளில் இன்னொன்று நடந்தது. மில்லில் அவராகவே மேஸ்திரியிடம் போய், கை நடுங்குகிற ஃபிட்டர் மெஷினில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, ஸ்டோர் ரூமுக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. முப்பது வருஷமாக அவர் விரலை நம்பிய மெஷின்களை வேறு ஆட்கள் பிரித்தார்கள். வேலைக்குக் கிளம்பும்போது பேசிக்கொண்டே போகிற மனிதர், தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். நான் அவர் கிளம்பிப் போன பிறகுதான் மாடியிலிருந்து இறங்குவேன்.

கடைசியில் ஒரு நாள் பேங்குக்கு வந்தார். என் கவுண்டருக்கேதான் வந்தார்.

"தம்பி, இனிமே எங் கையெழுத்து செல்லாதுவே. நடுங்குத கை என்னைக்கி மாறும்னு தெரியாது. எல்லாத்துலயும் வீட்டுக்காரி கையெழுத்தப் போடுத மாதிரி மாத்திரும்."

அதற்கான தாளில் கையெழுத்துப் போடச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி பைய பையப் போட்டார். "பழைய கையெழுத்தோட ஒத்து வருதான்னு பாத்துச் சொல்லும். ஒளிக்காமச் சொல்லும்" என்றார்.

கம்ப்யூட்டரில் பழையதை எடுத்து வைத்துப் பார்த்தேன். கணக்கு ஆரம்பித்த வருஷம் போட்டது. சுழியில் சுழி, கொம்பில் கொம்பு, ஒரு இழை மாறவில்லை. "அப்படியே இருக்கு அண்ணாச்சி" என்றேன். "எனக்காகச் சொல்லுதீரு" என்று சிரித்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் அன்று வந்த ஒருவரையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் மதினி கோயிலுக்குப் போயிருந்தார்கள். கீழே இறங்கினேன். அவர் ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கி பூ அசஞ்சுது."

"என்னதுவே?"

"நான்தான் திரைய விட்டுட்டேன். போன் பாத்துட்டு இருந்தேன். நீங்க கேட்டப்போ பொய் சொல்லிட்டேன். உங்க கை நடுங்கல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். மனசு விட்டுப்போய் அதுவரை அவர் அந்த எண்பது படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவே இல்லை. இப்போது ஒன்று, இரண்டு என்று தள்ள ஆரம்பித்தார். பூவுக்குப் பக்கத்துக் காம்பில் ஒரு தண்ணீர்த்துளி நின்றது. நாற்பது வரை அதற்குள் வெறும் வெள்ளை; வேட்டித் திரை. நாற்பத்தொன்றில் துளிக்குள் ஓர் ஆள் தலைகீழாக நின்றான். ஒரு கையில் சரிந்த கம்பு. இன்னொரு கையில் போன். வாயெல்லாம் பல்.

பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்று நின்றேன். அதற்கு முன்னால் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அவர் செருப்பைக் கழற்றியிருந்தால் குனிந்து கொடுத்திருப்பேன்.

"பல்லு தெரியுதுவே" என்றார்.

என் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"கடுகளவு தண்ணி. அதுக்குள்ள ஒம்ம பல்லு. எண்ணிப் பாக்கலாம்வே, பல்ல எண்ணலாம்! கை நடுங்குனா இது விழுமா?" குரல் ஏறிக்கொண்டே போனது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "இந்தக் கையப் போயி சந்தேகப்பட்டுட்டேனே" என்று அழுதார். ஐம்பத்தைந்து வயது மனிதர் ஏங்கி ஏங்கி அழுதார். அந்த அழுகையில் சந்தோஷமும் இருந்ததுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீரு இப்ப மேல போம்" என்றார். அவ்வளவுதான்.

மறு வாரம் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். மேஸ்திரி கேட்டதற்கு, "நாந்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்று சொன்னாராம். என் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. என்னோடு பேசவும் இல்லை. படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு வழி விடுவார். நானாகவே மாற்றல் கேட்டு எழுதிப் போட்டேன். நான் கிளம்புகிற அன்று மதினி ஒரு தூக்குச் சட்டி நிறையத் தேங்காய்ப்பால் சொதி வைத்துக் கொடுத்தார்கள்.

"அன்னைக்கி வெறும் வயித்தோட இவுகளுக்காக ஆத்துல நின்னியளே தம்பி, அத மறப்பனா?"

அவர் வீட்டிலும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. திருநெல்வேலி வந்து சேருகிறவரை அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அடுத்த மாசியில் ஒரு நாள் போன் வந்தது. நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. "பாற தெரியுதுவே. நாளைக்கி பூத்துரும். திரை பிடிக்க வாரீரா?"

"அண்ணாச்சி, நானா?"

"வேற எவனுக்குவே தெரியும், அசஞ்சா என்ன ஆகும்னு?"

முதல் பஸ்ஸைப் பிடித்தேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். தண்ணீரில் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் துண்டுக்குள்ளிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டில் கெண்டைக் குஞ்சு ஒன்று என் கால் விரலைக் கடித்தது. கூச்சத்தில் ஓர் அங்குலம் துள்ளிவிட்டேன். பூ ஆடியதா என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

"அசஞ்சிட்டு அண்ணாச்சி" என்றேன். "மீன் கடிச்சிட்டு."

எண்ணுவது நின்றது. பிறகு துண்டு குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறார். "சரி, மொதல்ல இருந்து" என்றார். "மூச்சு!"

அன்றைக்கு நான்கு தரம் முதலிலிருந்து ஆரம்பித்தோம். கால் மரத்துப்போய், வெயில் ஏறி, எண்பதும் ஒரு வழியாக முடிந்தபோது, ஐந்தாவது தரமும் ஒரு மீன் வந்து கடித்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு இருந்தது.